நாடி எழுபத்திரண்டு

அம்பத்தூர், சென்னை
10.2.2025

அன்புள்ள அண்ணிக்கு,

ஜெயப்ரியா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கே நீங்களும் அம்மாவும் அதே போல இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவின் முழங்கால் வலி தைலத்துக்கு அடங்கியதா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிக்காதீர்கள். போன் செய்தால் அம்மா உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடச் சொல்வார். மெசேஜ் அனுப்பினால் யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்பார். இது அம்மா காதுக்குப் போகக் கூடாத விஷயம். அதனால்தான் நீங்கள் வேலை செய்யும் மருத்துவ மைய முகவரிக்கு, உங்கள் பெயருக்கு எழுதுகிறேன்.

இந்த வருடமும் உங்கள் மையத்தின் மருத்துவப் பதிவுகளைத் தணிக்கை செய்யும் வேலை எனக்கு வந்திருக்கிறது. ஆரணிச் சாயப்பட்டறைக்காரர்கள் சேர்ந்து நடத்தும் மையம், ஒரே நர்ஸ், இருநூற்றுப் பன்னிரண்டு தொழிலாளர்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. அந்த ஒரே நர்ஸுக்கே இதைச் சொல்வது வேடிக்கைதான், ஆனால் என் படிவத்தின் முதல் பக்கம் இப்படித்தான் தொடங்குகிறது.

நாற்பது அட்டைகளைக் குலுக்கல் முறையில் எடுப்போம். கம்ப்யூட்டர் ஓர் எண் சொல்லும், நான் அந்த அட்டையின் படத்தைத் திறப்பேன். வெள்ளிக்கிழமை 117 வந்தது. பெயர் குமரேசன். சாயத்தூள் கலக்கும் பிரிவு. கடைசிப் பரிசோதனை 21.1.2025. நாடி 72. ரத்த அழுத்தம் 120/80. எடை 61 கிலோ. இருமல் இல்லை. மூச்சுத்திணறல் இல்லை. வேலைக்குத் தகுதி. கீழே டாக்டர் கையெழுத்து.

அண்ணன் இறந்து பதினேழு மாதம் ஆகிறது, அண்ணி.

டாக்டர் கையெழுத்துக்கு மேலே இருக்கும் எழுத்தெல்லாம் உங்களுடையது. உங்கள் ‘7’ எனக்குத் தெரியாதா? இது எப்படி என்று மட்டும் எழுதுங்கள். அறிக்கை கொடுக்க ஜூன் கடைசி வரை நேரம் இருக்கிறது.

அம்மாவை அன்போடு விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள்
ஜெயப்ரியா

*

ஆரணி
24.2.2025

அன்பு ஜெயாவுக்கு உன் அண்ணி பரிமளா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும்.

கடிதம் வந்ததும் மேலாளர் தமிழ்வாணன், “இன்னா சிஸ்டர், இந்தக் காலத்துல லெட்டரு?” என்று கேட்டுவிட்டு கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் நாத்தனாருக்குக் கையெழுத்து அழகு, வீணாக்க மனசில்லை என்றேன்.

அத்தைக்கு முழங்கால் பரவாயில்லை. போன வெள்ளிக்கிழமை படவேட்டுக்குப் போய் ரேணுகாம்பாளைப் பார்த்து வந்தோம். திரும்பும்போது பஸ் கிடைக்காமல் இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றோம். அத்தை என்னைத் திட்டினார்கள், பிறகு பஸ்காரனைத் திட்டினார்கள், கடைசியில் உன்னையும் திட்டினார்கள். ஏனென்று கேட்காதே. பக்கத்து வீட்டு ராஜவேலுவின் மனைவி கலைமகள் தினம் வந்து அத்தைக்குத் துணையாக உட்கார்ந்து போகிறாள்.

ஒன்றுதான் கவலை. ஒரு மாதமாக அத்தை விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். “கொமரேசன் இருமிகினு கீறான், உனக்குக் கேக்கலியா?” என்கிறார்கள். எனக்குக் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஜெயா, எனக்கும் கேட்கிறது.

அட்டை விஷயம் ஏதோ கைதவறி நடந்திருக்கும். பார்க்கிறேன். குழந்தைக்கு வெயில் படாமல் பார்த்துக்கொள்.

பரிமளா

*

அம்பத்தூர்
3.3.2025

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நீங்களும் நலமாக இருங்கள். உங்கள் மாப்பிள்ளையும் குழந்தையும் விசாரித்தார்கள். விசாரிப்பு முடிந்தது, இனிமேல் சண்டை.

கைதவறி ஒருமுறை நடக்கும். ஆறு முறை நடக்குமா? 2023 அக்டோபரிலிருந்து இந்த ஜனவரி வரை எல்லாப் பரிசோதனைக்கும் அண்ணன் வந்திருக்கிறார். செத்துப்போன மனுஷன் ஒருமுறைகூட லீவு எடுக்கவில்லை.

அதையாவது ஏதோ துக்கம் என்று விட்டுவிடுவேன். அதற்கு முந்தைய வரிகளையும் பார்த்தேன். எடை 61, எடை 61, எடை 61. சாவதற்கு இரண்டு மாதம் முன்னால், ஜூலையிலும் 61. ஆஸ்பத்திரியில் அண்ணனை ஸ்ட்ரெச்சரிலிருந்து கட்டிலுக்கு நானும் நீங்களும்தான் தூக்கிப் போட்டோம். என் பையன் ஸ்கூல் பையைத் தூக்குவது போலத் தூக்கினோம். அன்றைக்கு அவர்கள் எழுதிய எடை 44.

மற்ற அட்டைகளையும் எடுத்துப் பார்த்தேன். நாற்பதில் முப்பத்து மூன்று பேருக்கு நாடி 72. ஆரணிச் சாயப்பட்டறையில் எல்லோருக்கும் நெஞ்சு ஒரே தாளத்தில் அடிக்கிறதா?

இதனால் என்ன ஆகும் என்பதை உங்களிடம் மறைக்க வேண்டாம். பதிவுகள் சரி என்று நான் எழுதினால் மையத்துக்கு மூன்று வருடத்துக்குச் சான்றிதழ் கிடைக்கும், யாரும் உள்ளே வந்து எட்டிப் பார்க்க மாட்டார்கள். நம்ப முடியாது என்று எழுதினால் இருநூற்றுப் பன்னிரண்டு பேரையும் வேலூருக்கு அழைத்துப் போய்ப் புதிதாகப் பரிசோதிக்க வேண்டும். உங்கள் வேலை போகும். நான் என்ன எழுத வேண்டும், சொல்லுங்கள்.

அந்த இருமல் சத்தத்தைப் பற்றி யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அம்மாவைத் தனியாக விடாதீர்கள்.

ஜெயப்ரியா

*

அம்பத்தூர்
4.4.2025

அன்புள்ள அண்ணிக்கு,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. போனில் அம்மா, “அவ நல்லாதான் கீறா, சாப்புட்றா, வேலைக்குப் போறா” என்கிறார். நீங்கள் பக்கத்தில் இருந்தும் பேசவில்லை. பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கேட்டது.

எனக்கும் இங்கே நிலைமை சரியில்லை. காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் கடைசியாகப் பார்த்த கோப்பு தானாகவே வந்து நிற்கிறது. தினமும் அண்ணன்தான் வருகிறார். நாடி 72, வேலைக்குத் தகுதி. மூடிவிட்டு டீ குடிக்கப் போகிறேன். நேற்று மூடுவதற்கு முன்னால் என்னையும் அறியாமல், “சாப்பிட்டியா அண்ணா?” என்று கேட்டுவிட்டேன். பக்கத்து நாற்காலிப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

கோபமாகவாவது எழுதுங்கள்.

ஜெயப்ரியா

*

ஆரணி
19.4.2025

அன்பு ஜெயாவுக்கு,

இருவரும் நலம். உங்கள் நலத்தையும் வேண்டுகிறேன்.

கோபமாகவாவது எழுது என்றாய். சரி.

பரிசோதனை எப்படி நடக்கிறதென்று உன் படிவத்தில் ஏதாவது கட்டம் இருக்கிறதா? நான் சொல்கிறேன். பட்டறையில் நெருப்பை அணைக்க மாட்டார்கள், கொப்பரையை விட்டு ஆளையும் அனுப்ப மாட்டார்கள். சாப்பாட்டு நேரம் அரை மணி. அதில் ஐம்பது பேர் வருவார்கள், கையெல்லாம் அரக்குச் சிவப்பும் மாம்பழ மஞ்சளும் சொட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கையைப் பிடித்து ஒரு நிமிடம் நாடி எண்ணினால் பத்துப் பேரோடு நேரம் முடிந்துவிடும். ஊதிப் பார்க்கும் மிஷினுக்கு வாயில் வைக்கும் அட்டைக்குழாய் தீர்ந்து மூன்று வருடம் ஆகிறது. ஐந்து முறை கடிதம் எழுதினேன்.

அதனால் முந்தின நாள் சாயங்காலமே எல்லா அட்டையையும் எழுதி வைத்துவிடுவேன். போனமுறை என்னவோ அதுதான் இந்த முறையும். மறுநாள் வருகிறவன் முகம் வாடியிருந்தால் மட்டும் நிறுத்தி விசாரித்து மாற்றுவேன். டாக்டர் சனிக்கிழமை வந்து கட்டுக்கட்டாகக் கையெழுத்துப் போடுவார். இதுதான் வழக்கம்.

உன் அண்ணன் போய் ஒரு மாதம் கழித்து அக்டோபர் பரிசோதனை வந்தது. நான் எந்திரம் மாதிரி எழுதிக்கொண்டே போயிருக்கிறேன். 116, 117, 118. திரும்பப் பார்க்கும்போது அவர் அட்டையும் எழுதியாகிவிட்டிருந்தது. கிழிக்கலாம் என்று எடுத்தேன். அதற்குள் டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார். என் புருஷன் வேலைக்குத் தகுதியானவர் என்று ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார் ஜெயா, அதை எப்படிக் கிழிப்பேன்? ஜனவரியில் தெரிந்தேதான் எழுதினேன். அதற்குப் பிறகும் தெரிந்தேதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த ஒரு அட்டையை எழுதும்போது மட்டும் மனசு கொஞ்சம் அடங்கியிருந்தது.

இப்போது உன்னை ஒன்று கேட்கிறேன். 2021 வரை நான் நாலு பேரைப் பார்த்தால் நாலு பேருக்கு எழுதுவேன், பார்க்காதவருக்குக் காலியாக விடுவேன். அந்த வருடம் உங்கள் கம்பெனியிலிருந்து அறிக்கை வந்தது. நூற்றுக்கு முப்பத்தொரு கட்டம் காலி, இனிமேல் ஒரு கட்டமும் காலியாக இருக்கக் கூடாது என்று. தமிழ்வாணன் அதைப் பெரிதாக்கி என் மேஜைக்கு எதிரில் ஒட்டினார். அடுத்த வருடம் தொண்ணூற்றெட்டு மார்க் வந்தது, கண்ணாடி போட்டு மாட்டினார்.

அந்த அறிக்கைகளில் கையெழுத்து யாருடையது? உன் ‘ஜெ’ எனக்குத் தெரியாதா?

பரிமளா

*

அம்பத்தூர்
5.5.2025

அண்ணிக்கு,

நலம் விசாரிக்கக்கூட வெட்கமாக இருக்கிறது.

ஆமாம், நான்தான் எழுதினேன். காலிக் கட்டங்களை எண்ணினேன். எழுதப்பட்டிருந்தால் சரி, எழுதப்படாவிட்டால் தப்பு. எழுதியிருப்பது நிஜமா என்று பார்க்கும் கேள்வி என் படிவத்திலேயே இல்லை. தொண்ணூற்றெட்டு மார்க் போட்ட அன்றைக்கு நம் அண்ணி எவ்வளவு கெட்டிக்காரி என்று என் வீட்டுக்காரரிடம் பெருமை பேசினேன். அந்தத் தொண்ணூற்றெட்டுக்குள் அண்ணனின் 61 கிலோவும் இருந்தது. அவர் இளைத்துக்கொண்டே வந்ததற்கு நான் மார்க் போட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. தணிக்கைக்கு முன்னால், அந்த மையத்தில் எனக்கு உறவினர் யாரும் இல்லை என்று ஒரு தாளில் எழுதித் தர வேண்டும். மூன்று முறையும் எழுதித் தந்திருக்கிறேன். பிப்ரவரியில் 117 வந்தபோது அதைக் கணக்கில் சேர்க்காமல், அடுத்த எண்ணை எடுத்துக்கொண்டேன். 118. அதுவும் நாடி 72தான்.

ஆக, நாம் இருவரும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறோம்.

ஆனாலும் ஒன்றைக் கேட்காமல் என்னால் இருக்க முடியவில்லை. பிப்ரவரியிலிருந்து ஒவ்வொரு கடிதத்திலும் எழுதி எழுதி அடித்த கேள்வி. செத்த பிறகு எழுதியதை விடுங்கள். அண்ணன் உயிரோடு அந்த வரிசையில் வந்து நின்றாரே, அப்போது ஒருமுறையாவது அவரைப் பார்த்தீர்களா?

ஜெயப்ரியா

*

ஆரணி
11.6.2025

அன்பு ஜெயாவுக்கு,

இந்தக் கடிதத்தை ஐந்து முறை தொடங்கி, நலம் என்ற வார்த்தைக்கு மேல் போகாமல் கிழித்தேன். ஆகவே அதை விட்டுவிட்டுத் தொடங்குகிறேன்.

ஏப்ரல் பரிசோதனையில் முன்கூட்டி எழுதவில்லை. வந்தவர்கள் கையைப் பிடித்து முழு நிமிடம் எண்ணினேன். மூன்று நாளில் ஐம்பத்தெட்டுப் பேர்தான் முடிந்தது. தமிழ்வாணன் குதித்தார். யாருக்கும் 72 இல்லை ஜெயா. ஒருவருக்குக்கூட இல்லை.

பக்கத்து வீட்டு ராஜவேலு மட்டும் வரிசையிலிருந்து நழுவப் பார்த்தான். உன் அண்ணனுக்குப் பிறகு தூள் கலக்கும் வேலைக்கு அவனைத்தான் போட்டிருக்கிறார்கள். “அக்கா, நான் உங்க பக்கத்து வூட்டுக்காரன்தானே, என்னுது நீங்களே எழுதிக்குங்க. நான் ஜல்தியா சாப்ட்டுப் போறேன்” என்றான். அப்போது எண்ணிக்கொண்டிருந்த நாடியைப் பாதியில் தவறவிட்டேன். ஏனென்று கடைசியில் சொல்கிறேன்.

போன வாரம் விடியற்காலையில் அந்த இருமல் கேட்டது. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, “போயி ஒரு சொம்பு வெந்நீ குடு அவனுக்கு” என்றார்கள். பேயோ பிசாசோ பார்த்துவிடுவது என்று நிஜமாகவே வெந்நீரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். சுவருக்கு அந்தப் பக்கம் ராஜவேலு குந்தியிருந்தான். துண்டை வாயில் அடைத்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தான். துண்டில் சிவப்பு இருந்தது. சாயமா என்று கேட்டேன். சாயம்தான் என்றான். சாயம் அப்படி இருக்காது.

“கலைமகளுக்குத் தெரிய வேணாங்க்கா. பேஜாரா பூடும். உங்க அட்டையில மட்டும் எழுதிடாதீங்க, மொதலாளி நிறுத்திடுவாரு” என்றான். வெந்நீரை வாங்கிக் குடித்தான். அவன் அட்டைதான் 118. நீ எடுத்தாயே, அதே 118. இருமல் இல்லை என்று நான் எழுதியது.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன்.

உன் அண்ணன் ஒவ்வொரு பரிசோதனைக்கும் டிபன் டப்பாவோடு வரிசையில் வந்து நிற்பார். இருப்பது அரை மணி, அதில் இவருமா நிற்க வேண்டும் என்று எனக்கு இருக்கும். “நீ போய் உட்கார்ந்து சாப்புடு, உன்னுது நான் எழுதிக்கிறேன்” என்று அனுப்பிவிடுவேன். மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள். அவர் சிரித்துக்கொண்டே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து டப்பாவைத் திறப்பார். ஒன்பது முறை வந்தார். ஒன்பது முறையும் அனுப்பினேன். வீட்டில் இளைத்துத் தெரிந்தபோது ஆடி விரதம் என்றார், சூடு என்றார். நானும் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். இருமியதை நான் கேட்டதே இல்லை. எங்கே போய் இருமினார் என்று போன வாரம்தான் தெரிந்தது. சுவருக்கு இந்தப் பக்கம், ராஜவேலு குந்தியிருந்ததற்கு நேராக, துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் அவருடைய பழைய துண்டு ஒன்று மக்கிக் கிடந்தது.

ஊரில் எல்லோர் கையையும் பிடித்தேன். என் புருஷன் கையைப் பிடித்து ஒருமுறைகூட எண்ணவில்லை. பார்க்கவில்லை ஜெயா. நான் பார்க்கவில்லை.

பரிமளா

*

அம்பத்தூர்
18.6.2025

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். அழுது முடித்துவிட்டு நேராக மேலதிகாரி அறைக்குப் போனேன். அந்த மையத்தின் நர்ஸ் என் அண்ணி, 117 என் அண்ணன், மூன்று முறை பொய் எழுதித் தந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். இந்தத் தணிக்கையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். அடுத்த மாதம் விசாரணை. வேறு ஆள் வருவார்.

அவர் வருவதற்குள் ஒன்று செய்ய முடியும். நீங்களாகவே திருத்தினால்தான் அதற்கு மதிப்பு. முறை இதுதான். வெள்ளை மை பூசக் கூடாது, கிழிக்கக் கூடாது. தப்பாக எழுதிய வரியின் மேல் ஒரே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே பழைய எழுத்து படிக்கும்படி இருக்க வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும்.

வேலை போய்விடும் என்பதை மறந்து இதை எழுதவில்லை. ராஜவேலு உங்களைத் திட்டுவான் என்பதும் தெரியும். கலைமகள் முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் உங்களுக்கு யாரும் இதைச் செய்யவில்லை.

ஜெயப்ரியா

*

ஆரணி
24.8.2025

அன்பு ஜெயாவுக்கு,

இந்த முறை பார்த்துவிட்டு எழுதுகிறேன். அத்தைக்கு வலது முழங்கால் வீங்கியிருக்கிறது. எனக்கு ரத்த அழுத்தம் 150/96, தூக்கம் நாலு மணி நேரம். ஒருவரும் முழு நலமில்லை.

பதினோரு நாள் உட்கார்ந்து கோடு போட்டேன். இருநூற்றுப் பன்னிரண்டு அட்டை, அட்டைக்குப் பதினைந்து வரிக்குக் குறையாது. ஸ்கேல் வைத்து ஒரே கோடு, பக்கத்தில் ‘பார்க்கவில்லை’, கையெழுத்து, தேதி. இரண்டு பேனா தீர்ந்தது. நிஜமாகப் பார்த்து எழுதியவை என்று எண்பத்து மூன்று வரிகளை மட்டும் விட்டுவைத்தேன். 117ஐக் கடைசியாக எடுத்தேன். அவர் உயிரோடிருந்த ஒன்பது வரிக்கும் ‘பார்க்கவில்லை’. அடுத்த ஆறு வரிக்கு என்ன எழுதுவதென்று வெகுநேரம் தெரியவில்லை. ‘இறந்துவிட்டார்’ என்று ஆறு முறை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் போன 9.9.2023க்குப் பிறகு அன்றைக்குத்தான் அதை நம்பினேன்.

புது ஆள் வந்து பார்த்தார். எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டார். மறுநாள் தமிழ்வாணன் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். கண்ணாடி போட்ட தொண்ணூற்றெட்டையும் கழற்றிவிட்டார்கள் என்று கேள்வி.

எல்லோரையும் பஸ் வைத்து வேலூருக்கு அழைத்துப் போனார்கள். பத்தொன்பது பேருக்கு நெஞ்சு கெட்டிருக்கிறது. ராஜவேலுவுக்குப் பாதி மூச்சுதான் இருக்கிறதாம். சரியான நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்று டாக்டர் சொன்னாராம். அங்கேயே சேர்த்திருக்கிறார்கள். ஒரு மாதம் கலைமகள் என்னோடு பேசவில்லை. நேற்று வந்து வாசலில் நின்று, “அவரு எடை ரெண்டு கிலோ ஏறியிருக்குங்க்கா” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இன்று விடியற்காலையில் அத்தை எழுந்து உட்கார்ந்து வெகுநேரம் காதைக் கொடுத்துக் கேட்டார்கள். பிறகு, “சத்தமே இல்லடி. இத்தினி நாளு இங்கதான் இருந்தான், இப்பதான் போயிட்டான்” என்று அழுதார்கள். அவர் போன அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை. நானும் கூட உட்கார்ந்து அழுதேன். பிறகு ராஜவேலுவைப் பற்றிச் சொன்னேன். அட்டையைப் பற்றியும் சொன்னேன். வரிசையில் நின்றவரைச் சாப்பிடப் போ என்று நான் அனுப்பியதையும் சொன்னேன். நீ எழுதியவற்றை மட்டும் சொல்லவில்லை, அது நீ வந்து சொல்ல வேண்டியது.

அத்தை கையை என் மடியில் நீட்டினார்கள். கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுதாக எண்ணினேன். எண்பத்தெட்டு.

உன் நலத்தைப் பற்றி இந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தையும் நான் எழுதவில்லை. பார்க்காமல் எழுத மாட்டேன். கிளம்பி வா.

உன் அண்ணி
பரிமளா